மெக்ஸிகோவுக்குக் காரில் ஒரு ஸபர்

"ஹஜ்ரத், லீவுக்கு மெக்ஸிகோ வரைக்கும் காரிலேயே போகலாம் என்றிருக்கிறோம். உம்மாவும் கூட வருகிறார்கள். எத்தனை நாள் கஸ்ரு தொழலாம்?"

எங்கள் மத்ரஸாவில் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலிருந்து தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது ஒரேயொரு மஸ்அலா. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் தூரம் எவ்வளவு, எங்கெங்கே தங்கல், ஓரிடத்தில் எத்தனை நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். "மெக்ஸிகோ நகரம் ஆயிரம் மைல்தான் ஹஜ்ரத். இரண்டே நாள். ராத்திரியும் ஓட்டினால் போய்விடலாம்" என்றார். அதற்கு மேல் அவரிடம் திட்டம் எதுவும் இல்லை. எழுபதை நெருங்கும் தாயையும், மனைவியையும், இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாட்டெல்லையைத் தாண்டப் போகிறவரின் ஆயத்தம் அவ்வளவுதான்!

அன்பு வாசகர்களே! நம் ஊர்களிலிருந்து பேரப்பிள்ளைகளைக் காண அமெரிக்கா செல்லும் தாய் தந்தையர் இன்று பெருகிவிட்டனர். டெக்ஸாஸில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மெக்ஸிகோ பக்கத்து வீடு போன்றது. பெற்றோருக்கு நாலு இடம் காட்ட வேண்டும் என்னும் ஆசையில் காரை எடுத்துவிடுகின்றனர். ஆசை தவறன்று. ஆனால் அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே 3,145 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடப்பது நாட்டெல்லை. போகிறவனைவிடத் திரும்பி வருகிறவனையே அது அதிகம் சோதிக்கும். அந்த மாணவரின் பிரயாணத்துக்காக மூன்று வாரம் அவரும், அவர் மனைவியும், நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அக்கரையில் உங்கள் பிள்ளைகள் யாரேனும் இருந்தால் அவர்களுக்கு இது பயன்படும்.

மேசை மீது விரித்த பாஸ்போர்ட்டுகள்

முதல் கண்டத்தைக் கண்டுபிடித்தவர் அந்தச் சகோதரிதான். ஒரு நாள் இரவு பிள்ளைகள் உறங்கிய பின், சாப்பாட்டு மேசையில் ஐந்து பாஸ்போர்ட்டுகளையும் விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் அங்கேயே பிறந்த குடிமக்கள், அவர்களுக்குத் தடையில்லை. மாமியாரின் அமெரிக்க விசா பத்தாண்டுக்குச் செல்லும். கணவரின் விசா முத்திரையோ காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது! மனைவியின் விசா கணவரைச் சார்ந்தது. ஆகவே அவருடையதும் அப்படியே.

"அதனால் என்ன, வேலை அனுமதி இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறதே" என்று அவர் முதலில் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான். அமெரிக்காவுக்குள் இருக்கும் வரை முத்திரை காலாவதியானது அவரைப் பாதிக்காது. வெளியே காலடி வைத்துத் திரும்பும்போதுதான் அது பேசும்.

இங்கே இரண்டு நாட்டுச் சட்டங்கள் குறுக்கிடுகின்றன. ஒன்றை மட்டும் அறிந்தவர் மற்றொன்றில் அகப்பட்டுக்கொள்வார். எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோவிலோ கனடாவிலோ 30 நாட்களுக்கு மிகாமல் தங்கித் திரும்புகிறவருக்கு, தங்கும் அனுமதிப் பதிவு செல்லுபடியாக இருந்தால், காலாவதியான விசாவுடனும் மீண்டும் நுழைய அமெரிக்கச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. சில நாட்டவர்க்கு அது கிடையாது. அந்த நாட்களில் மெக்ஸிகோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதிய விசாவுக்கு மனுச் செய்தால், அப்போதும் அச்சலுகை போய்விடும். அலுவலகத்தில் நண்பர்கள் சொல்லி இதை மாணவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் இருந்தார்.

மெக்ஸிகோவின் சட்டம் வேறு. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் அந்நாட்டுக்குள் செல்ல அந்நாட்டு விசா வேண்டும். அமெரிக்க நிரந்தர வாசத்துக்கான கிரீன் கார்டோ, காலாவதியாகாத அமெரிக்க விசாவோ கையில் இருந்தால் தனி விசா தேவையில்லை. காலாவதியான முத்திரையை மெக்ஸிகோ ஏற்காது. ஆக, திரும்பி வர அவருக்கு வழி இருந்தது. உள்ளே போகத்தான் வழி இல்லை!

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. காரில் போகிறவரை மெக்ஸிகோ எல்லையில் பல சமயம் யாரும் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பாலத்தைக் கடந்ததும் சுங்க விளக்கு ஒன்று எரியும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் என்று எண்ணி ஊருக்குள் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிவரவு அலுவலகத்தை நாமே தேடிப் போய்ச் சுற்றுலா அனுமதிச் சீட்டு பெற வேண்டும். பெறாதவர் தம்மை அறியாமலேயே சட்டவிரோதமாக நுழைந்தவர் ஆகிறார். எல்லையிலிருந்து சுமார் 26 கிலோமீட்டரில் நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடி இருக்கிறது. அங்கே திருப்பி அனுப்பப்பட்டால் அதிர்ஷ்டம். அதையும் தாண்டி ஒரு விபத்தில் மாட்டிக்கொண்டால் நிலைமை என்ன?

கணவனும் மனைவியும் ஹூஸ்டனிலுள்ள மெக்ஸிகோ தூதரக அலுவலகத்தில் முறைப்படி விசா பெற்றனர். கம்பெனியின் வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்டுக்கொண்டனர். இத்தகைய விதிகள் ஆட்சி மாறினால் மாறுகிறவை. ஆகையால் புறப்படும் வாரத்தில் மறுபடியும் கேட்டே தீர வேண்டும்.

உம்மாவின் விஷயத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. விசா பத்தாண்டு என்றாலும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் இன்ன தேதி வரை தங்கலாம் என்று அதிகாரி குறிப்பார். மெக்ஸிகோ சென்று திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைத்துவிடும் என்று பலர் சொல்வதுண்டு. அதற்கு உறுதி ஏதும் இல்லை. பழைய தேதியே நிற்கலாம். ஆதலால் பழைய தேதியை வைத்தே ஊர் திரும்பும் டிக்கெட்டை வாங்கச் சொன்னேன்.

காருக்கும் ஒரு பாஸ்போர்ட்

மனிதருக்கு அனுமதி இருந்தால் போதாது, வாகனத்துக்கும் வேண்டும். எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்நாட்டுக்குள் காரைக் கொண்டுசெல்ல, 'பான்ஹெர்ஸிடோ' என்னும் மெக்ஸிகோ இராணுவ வங்கி ஒரு தற்காலிக அனுமதி தருகிறது. கட்டணம் போகப் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் செய்யப்பட்ட கார் என்றால் 400 டாலர். பழைய கார்களுக்குக் குறைவு. காலம் அதிகபட்சம் 180 நாள். குறித்த காலத்துக்குள் காரைத் திரும்பக் கொண்டுவந்து, அதே வங்கியின் எல்லை அலுவலகத்தில் அனுமதியை ரத்துச் செய்தால் பிணைத்தொகை திரும்பக் கிடைக்கும். ரத்துச் செய்யாமல் அமெரிக்காவுக்குள் வந்துவிட்டால் பணம் போயிற்று. அடுத்த முறை அனுமதியும் கிடைக்காது.

கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரே கொண்டுசெல்ல வேண்டும். கடனில் வாங்கிய காராக இருந்தால், கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் தேவை. இந்த இடத்தில் மாணவர் சற்றுச் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. ஸபர் புறப்படுமுன் கடனாளிகளிடம் சொல்லிக்கொள்வதும், அமானிதங்களை ஒப்படைப்பதும், வஸிய்யத் எழுதி வைப்பதும் நம் முன்னோர் பேணிய ஒழுங்கல்லவா? மெக்ஸிகோக்காரன் அதில் ஒரு பகுதியைச் சட்டமாக்கி வைத்திருக்கிறான்.

அமெரிக்காவில் எடுத்த கார் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது. மெக்ஸிகோ கம்பெனியின் பாலிஸி, குறைந்தபட்சம் பிறருக்கு நேரும் சேதத்துக்காவது, எடுத்தாக வேண்டும். விபத்து நேர்ந்து யாருக்கேனும் காயம் பட்டால், பொறுப்பு யாருடையது என்று தீரும் வரை ஓட்டுநரைக் காவலில் வைக்க அந்நாட்டில் இடமுண்டு. இன்ஷூரன்ஸ் கூடுமா கூடாதா என்னும் வாதத்தை இங்கே நான் திறக்கவில்லை. சட்டம் கட்டாயமாக்கிய இடத்தில் நிர்ப்பந்தத்தின் பேரில் அதை எடுத்துக்கொள்ள உலமாக்கள் பலர் அனுமதித்திருக்கின்றனர்.

காரை ஒரு முறை இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பதும் அவசியம். டெக்ஸாஸில் துப்பாக்கி சாதாரணப் பொருள். மெக்ஸிகோவிலோ அனுமதியின்றி ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் சிறை. மாணவர் துப்பாக்கி வைத்திருப்பவர் அல்லர். ஆனால் கார், வேறொருவரிடம் வாங்கிய பழைய கார்! ஜலதோஷ மாத்திரைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகள் அங்கே தடை செய்யப்பட்டவை. உம்மாவின் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை டப்பாவோடும் மருத்துவரின் சீட்டோடும் எடுத்துச் செல்லச் சொன்னேன்.

எந்தப் பாலம், எந்த நேரம்

ஹூஸ்டனிலிருந்து எல்லை நகரமான லாரேடோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஆற்றுக்கு அக்கரையில் நுவேவோ லாரேடோ. அது தமவுலிபாஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. போதைப்பொருள் கும்பல்களின் கொலைகளாலும் ஆட்கடத்தலாலும் அம்மாநிலத்துக்குச் செல்லவே வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத்துறை தன் குடிமக்களைப் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறது. 2023 மார்ச்சில் அதே மாநிலத்து மத்தமோரோஸ் நகருக்குள் காரில் சென்ற நான்கு அமெரிக்கர் கடத்தப்பட்டு, இருவர் உயிரிழந்தனர்.

ஆனால் வரைபடத்தை உற்றுப் பார்த்தால் ஒரு சிறு சந்து தெரியும். பக்கத்து மாநிலமான நுவேவோ லியோன், சுமார் 15 கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் டெக்ஸாஸைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தச் சந்தில் 1991இல் திறக்கப்பட்ட கொலம்பியா பாலம் இருக்கிறது. லாரேடோவிலிருந்து சற்றுச் சுற்றுதான். ஆயினும் நுவேவோ லாரேடோ நகருக்குள் நுழையாமலே மொன்டெர்ரே நகரச் சாலையைப் பிடிக்கலாம். அங்கேயே குடிவரவு அலுவலகமும் இராணுவ வங்கியும் இருக்கின்றன. இந்தப் பாலத்தையே தேர்ந்தெடுத்தனர்.

பாலத்தைவிட முக்கியமானது நேரம். மெக்ஸிகோ நெடுஞ்சாலைகளை நன்கறிந்தவர் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, இருட்டிய பின் ஓட்டாதே என்பது. கொள்ளையர் பயம் ஒன்று. விளக்கில்லாத சாலையில் குறுக்கே வரும் மாடுகள் மற்றொன்று. ஊர் தொடங்குமிடத்தில் அறிவிப்பே இல்லாமல் எழுந்து நிற்கும் 'தோப்பே' எனப்படும் வேகத்தடை வேறு. சுங்கம் கட்டிச் செல்லும் சாலைக்கு 'குவோத்தா' என்றும், இலவசச் சாலைக்கு 'லீப்ரே' என்றும் பெயர். குவோத்தாவில் செலவு அதிகம்; ஆனால் தடுப்பும் நடமாட்டமும் உண்டு. சுங்கத்துக்குச் சில்லறைப் பெசோ நோட்டுகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி நின்றுபோனால் 078 என்ற எண்ணில் 'பச்சைத் தேவதைகள்' என்னும் அரசாங்க உதவி வண்டிகளை அழைக்கலாம். 1960 முதல் நடந்துவரும் இலவச ஏற்பாடு அது. பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்களாம்.

இரவில் ஓட்டக் கூடாது என்றால், இரண்டு நாள் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. மாணவருக்கு அதில் வருத்தம். "நாலு நாள் ரோட்டிலேயே போய்விடுமே ஹஜ்ரத்" என்றார். அப்போதுதான் அவர் முதன்முதல் கேட்ட மஸ்அலாவை எடுத்தேன்.

ஒரே காரில் இரண்டு மத்ஹபு

அவர் கடலோர ஊர்க்காரர், ஷாபிஈ. மனைவி உள்நாட்டு ராவுத்தர் குடும்பம், ஹனபீ. நம் தமிழகத்தில் இது புதிதன்று. வீட்டில் இருக்கும் வரை வேற்றுமை தெரிவதில்லை, ஸபரில்தான் வெளிப்படும். இருவருக்குமே இந்தத் தூரம் கஸ்ருக்குரிய தூரத்தை எங்கோ தாண்டிவிட்டது. ஊரின் எல்லையைக் கடந்தது முதல் லுஹர், அஸர், இஷா இவற்றின் நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழலாம்; ஸுப்ஹும் மஃரிபும் குறையா. ஆனால் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ, ஷாபிஈ மத்ஹபில் பிரயாணிக்கு உண்டு. ஹனபீ மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் அல்லாமல் வேறெங்கும் இல்லை. கணவர் ஒரு தடவை நிறுத்தினால் போதும் என்பார். மனைவிக்கு இரண்டு தடவை நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையில் இதுவே ஒரு சச்சரவாக முளைக்கும்.

நான் சொன்னது இதுதான். ஸுப்ஹைத் தங்குமிடத்திலேயே தொழுங்கள். சூரியன் உதித்த பின் புறப்படுங்கள். பகலுணவுக்கு நிறுத்தும் இடத்தில் லுஹர். மாலை ஐந்து மணிக்குள் அடுத்த தங்குமிடம். அங்கே அஸரை அவரவர் நேரத்தில் தொழுது, மஃரிபும் இஷாவும் அறையிலேயே. இரவில் ஓட்டாதவனுக்கு ஜம்உ தேவைப்படுவதே அபூர்வம். எல்லையில் வரிசை நீண்டுவிட்ட நாளுக்கு மட்டும், லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழும் வழியை ஹனபீக்களும் சொல்லியிருக்கின்றனர். சகோதரி அதைக் கையாளலாம். அறிவாளிகள் பாதுகாப்புக்காகச் சொன்ன நேரமும், தொழுகைக்காக நாங்கள் வகுத்த நேரமும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே பொருந்திவிட்டன. மாணவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நாலு நாளே இருக்கட்டும் ஹஜ்ரத்" என்றார்.

முதல் நாள் லாரேடோவில், அமெரிக்கப் பக்கத்திலேயே தங்கல். இரண்டாம் நாள் காலை பாலம் கடந்து, மொன்டெர்ரே வழியாக மூடுபனி இறங்கும் மலைப்பாதையேறிச் சால்டீயோ. மூன்றாம் நாள் 57ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர், சான் லூயிஸ் பொடோஸி வரை. நான்காம் நாள் 200 கிலோமீட்டர் சென்றால் கெரேடாரோ. அதோடு காருக்கு ஓய்வு. மெக்ஸிகோ நகரில் புகையைக் குறைப்பதற்காக 1989 முதல் நடப்பிலிருக்கும் ஒரு கட்டுப்பாட்டின்படி, வெளிநாட்டு எண் பலகையுள்ள கார்கள் சில நாட்களிலும் நேரங்களிலும் ஓடக் கூடாது. ஆகவே கெரேடாரோவில் தங்கிக்கொண்டு, மெக்ஸிகோ நகரைப் பேருந்தில் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அங்கே முழுதாகத் தங்குவது மூன்று நாள் மட்டும். ஷாபிஈக்கு நான்கு முழு நாட்களும், ஹனபீக்குப் பதினைந்து நாட்களும் தங்க நிய்யத் வைத்தால்தான் கஸ்ரு நீங்கும். எனவே இருவருமே வீடு திரும்பும் வரை முஸாபிர்தான்.

கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் கோடையில் மணியை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். மெக்ஸிகோ அந்த வழக்கத்தை 2022 அக்டோபரில் கைவிட்டது. ஆனால் அமெரிக்காவை ஒட்டிய எல்லை ஊர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே கோடையில் பாலத்தில் ஒரு மணியும், மொன்டெர்ரேயில் ஒரு மணி குறைவுமாக இருக்கும். ஹூஸ்டன் தொழுகை அட்டவணையை மடித்து எடுத்துப் போனால் உதவாது. மாட்டேவாலா என்னும் ஊருக்குத் தெற்கே கடக ரேகை அந்தச் சாலையைக் கடக்கிறது. அடையாளத் தூணும் உண்டு. ஜூன் மாதம் 21ஆம் நாளை ஒட்டி நண்பகலில் அங்கே நின்றால் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். லுஹர், அஸர் நேரங்களை நிழலைக் கொண்டு கணிக்கும் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் எது?

கிப்லாவும் அப்படியே. 'மேற்கே பார்த்துத் தக்பீர் கட்டு' என்று நம் ஊரில் வளர்ந்த உம்மாவுக்கு, அந்த நாட்டில் வடகிழக்கே கிப்லா என்பது கொஞ்சம் தடுமாற்றம். கணக்கிட்டுப் பார்த்தால் ஹூஸ்டனிலும், மொன்டெர்ரேயிலும், மெக்ஸிகோ நகரிலும் அது ஏறத்தாழ வடகிழக்காகவே அமைகிறது. ஒரே ஒரு காம்பஸ் போதும், வழி முழுவதற்கும்.

ஷவர்மா அல்லாத ஷவர்மா

மெக்ஸிகோ வீதிகளில் நிமிர்ந்த கம்பியில் இறைச்சியைச் செருகிச் சுழலவிட்டுச் சீவிக் கொடுப்பதைக் காணலாம். பார்த்த மாத்திரத்தில் நம் அரபு நாட்டு ஷவர்மா என்றே தோன்றும். பூர்வீகமும் அதுதான். லெபனானிலிருந்து குடியேறியவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டுவந்த பழக்கம் அது. ஆனால் மெக்ஸிகோ மண்ணில் ஆட்டிறைச்சி போய்ப் பன்றியிறைச்சி வந்துவிட்டது! 'தாக்கோஸ் அல் பஸ்தோர்' என்று அதற்குப் பெயர். சில கடைகளில் 'அரபுத் தாக்கோ' என்றே பலகை தொங்கும். அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறியவர்களும் உண்டு.

கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை விலக்குவது எளிது. தெரியாத கொழுப்புதான் சிக்கல். 'மன்தேகா' என்றால் அங்கே பன்றிக் கொழுப்பு. மசித்து வறுத்த பயறிலும், கோதுமை ரொட்டியிலும், இலையில் பொதிந்து அவித்த 'தமால்' என்னும் மாவுப் பண்டத்திலும் அதைச் சேர்ப்பது வழக்கம். இறைச்சியே இல்லாத உணவு என்று நம்பி உண்ணக் கூடாது. 'சின் மன்தேகா' (கொழுப்பு இல்லாமல்) என்ற இரண்டு சொற்களைப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டனர். மக்காச்சோள ரொட்டி மாவும் சுண்ணாம்பு நீரும் கொண்டு செய்வது. முட்டை, மீன், வெண்ணெய்ப்பழம், மாம்பழம், பப்பாளி ஆகியவற்றுக்குக் குறைவே இல்லை. குடிக்க மூடிய பாட்டில் தண்ணீர் மட்டும். உம்மா கட்டி வைத்திருந்த மாசியையும் வற்றலையும், இரண்டு நாட்டுச் சுங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று ஹூஸ்டனிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதில் அவர்களுக்கு என் மேல் இன்றும் ஒரு மனக்குறை. கெண்டியை மட்டும் யாரும் தடுக்க முடியாது. அது முதல் ஆளாகக் காரில் ஏறியதாம்.

மொழி அந்நியம் என்று பயந்தவர்களுக்கு ஒரு சேதி சொன்னேன். எல்லையில் முதன்முதல் கண்ணில் படும் பலகை 'அதுவானா', அதாவது சுங்கம். அது அரபியின் 'தீவான்' என்னும் சொல்லிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போனது. நம் தமிழில் 'திவான்' என்று வழங்குவதும் அதே சொல்தான். எண்ணெய்க்கு 'அசெய்த்தே', அரிசிக்கு 'அர்ரோஸ்', சர்க்கரைக்கு 'அசூகர்'. எல்லாமே ஸைத்தும், அருஸ்ஸும், ஸுக்கருமேதான். ஸ்பெயினில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு வாழ்ந்த முஸ்லிம்களின் மூச்சு, கடல் தாண்டி அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வாழும் முஸ்லிம்கள் மிகக் குறைவு. 12 கோடியே 60 லட்சம் மக்கள் கொண்ட அந்நாட்டில், 2020 குடிக்கணக்கில் முஸ்லிம்கள் எண்ணாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. தொரேயோன் நகரில் 1989இல் கட்டிய பள்ளிவாசலும், மெக்ஸிகோ நகரில் ஜும்ஆ நடக்கும் இஸ்லாமிய மையமும் உண்டு. தெற்கே சியாபாஸ் மாநிலத்தில், 1990களின் நடுவில் ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம்களின் வழியாக இஸ்லாத்தைத் தழுவிய ட்ஸோட்ஸில் என்னும் மாயா பழங்குடிக் குடும்பங்கள் வாழ்கின்றன. மாணவருக்கு அங்கே போக வேண்டும் என்று பெரும் ஆவல். எனக்கும் அந்த ஆவல் இல்லாமல் இல்லை. ஆனால் மெக்ஸிகோ நகரிலிருந்து இன்னும் சுமார் 900 கிலோமீட்டர்; அண்மை ஆண்டுகளில் கும்பல் மோதல் அங்கும் பரவியிருக்கிறது. வயதான தாயோடு வேண்டாம் என்றேன். அவர் மனம் சற்று வாடியது.

அமீர் யார்?

மூவர் சேர்ந்து புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்வது சுன்னத். ஐந்து பேர் போகும் இந்தப் பயணத்துக்கு அமீர் யார் என்று கேட்டேன். ஓட்டுகிறவர் தாமே என்று அவர் நினைத்திருந்தார். ஓட்டுகிறவனுக்கு 'இன்னும் ஐம்பது மைல் போய்விடலாம்' என்னும் ஆசை வரும். ஆகையால் வேறொருவரை வையுங்கள் என்றேன். உம்மாவை அமீராக்கினார்கள். மஃரிபுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வண்டி நின்றுவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் பிறப்பித்த முதல் உத்தரவு.

அல்ஹம்துலில்லாஹ், போய் வந்தனர். திரும்பும்போது பாலத்தில் வரிசை மூன்று மணி நேரம் நீண்டது. சகோதரி லுஹரைக் கடைசி நேரத்திலும் அஸரை ஆரம்ப நேரத்திலும் தொழுத ஒரே நாள் அதுதான். பிள்ளைகள் பசியில் அழ, நேரே பாலத்தில் ஏறிவிடத் துணிந்த மகனை உம்மாதான் தடுத்து, வங்கி அலுவலகத்துக்குத் திருப்பினார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதி வில்லையைச் சுரண்டி எடுத்து ரசீது கொடுத்தார்கள். 400 டாலரும் திரும்பிற்று. அமெரிக்கப் பக்கத்தில் அதிகாரி மாணவரின் காலாவதியான முத்திரையைப் பார்த்து உள்ளே ஓர் அறைக்கு அழைத்தார். வழக்கறிஞரின் கடிதத்தையும் அனுமதிப் பதிவையும் காட்டினார். நாற்பது நிமிடம் கழித்து வெளியே விட்டனர். அந்த நாற்பது நிமிடமும் மனைவி காருக்குள் உட்கார்ந்து ஓதிக்கொண்டே இருந்தாராம். உம்மாவின் பாஸ்போர்ட்டில், எதிர்பார்த்தபடியே, பழைய தேதிதான் நின்றது.

அத்தேதிக்கு ஒன்பது நாள் முன்னதாகவே உம்மா ஊர் திரும்பினார்கள். சென்ற மாதம் தம் இளைய மகனுடன் மத்ரஸாவுக்கு வந்திருந்தார்கள். மெக்ஸிகோவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கெரேடாரோவில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர அந்தக் காலத்தில் கட்டிய கல் வாய்க்காலைப் பார்த்தார்களாம். எழுபத்து நான்கு வளைவு என்று எல்லோரும் சொன்னார்கள்; அவர்கள் எண்ணியபோது எழுபத்தொன்றுதான் வந்ததாம். மீதியைப் பேரன் எண்ணிக் காட்டினானாம்.